எண்ணிப் பார்த்த அறிஞர் ஹால்டேன்

(விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்)

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நினைத்தல் என்பது ஒன்று. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதல் என்பது மற்றொன்று. இவ்விரு பொருளுக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாக வாழ்ந்த அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆவார். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். நம் பரிணாமப் பாடத்தில் அவர் பெயர் இரண்டொரு வரிகளில் வந்து போகும். தேர்வுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதை இக்கட்டுரையின் இடையிலே கூறுவேன். முதலில் அவர் வாழ்வைப் பார்ப்போம்.

தந்தை காட்டிய வழி

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். சுரங்கத் தொழிலாளர்களின் உயிரைக் குடிக்கும் நச்சுக் காற்றுகளை ஆராய்ந்தவர். பிறரைச் சோதனைக்கு உட்படுத்தாமல், தாமே அக்காற்றை முகர்ந்து விளைவைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். மகனையும் அவ்வழியிலேயே பழக்கினார். ஒருமுறை சுரங்கத்திற்குள் சிறுவனை அழைத்துச் சென்று, எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆண்டனி பேசும் உரையைச் சொல்லுமாறு பணித்தார். சில வரிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டியது; கால்கள் தளர்ந்து தரையில் வீழ்ந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது. மீத்தேன் காற்று இலேசானது, ஆகவே மேலேதான் தேங்கும் என்ற பாடத்தை அச்சிறுவன் தன் உடலாலேயே கற்றான்.

1901ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, தந்தையுடன் சென்று மெண்டல் கொள்கை பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு உலகின் கண்ணுக்கு மீண்டும் தென்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பின்னர் அவரும் தங்கை நவோமியும் வீட்டிலேயே கினிப்பன்றிகளை நூற்றுக்கணக்கில் வளர்த்து, குட்டிகளின் நிறத்தையும் மயிரையும் எண்ணிக் குறித்தனர். அத்தங்கையே பிற்காலத்தில் நவோமி மிட்சிசன் என்னும் பெயரில் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர்.

ஆக்ஸ்போர்டில் அவர் முதலில் கணிதமும், பின்னர்க் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் தத்துவமும் பயின்றார். அறிவியலில் அவர் பட்டம் ஏதும் பெற்றாரில்லை என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. கலைப் பிரிவு நண்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக!

முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்றார். எலிகளில் சில மரபணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து வருவதைப் பற்றிய அவரது முதல் மரபியல் கட்டுரை 1915இல் வெளிவந்தது. உடன் ஆய்ந்த நண்பர் ஸ்பிரண்ட் போரில் மாண்டுபோனார். ஹால்டேன் இருமுறை காயமுற்றார். இரண்டாம் முறை மெசபொட்டேமியாவில் அடிபட்டு, உடல் தேறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆளும் இனத்தானாக அன்றி, இந்தியரோடு சரிசமமாகப் பழகக்கூடிய காலம் வந்தால் மீண்டும் வருவேன் என்று அப்போதே உறுதி பூண்டார். அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

புளியங்கொட்டைக் கணக்கு

போருக்குப் பின் ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார். அவர் பெயரை நிலைநாட்டிய பணி இக்காலத்தில் நிகழ்ந்தது. அது யாதென அறியச் சிறு கணக்கு ஒன்று தேவை. கணக்கு என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. தாயம் ஆடத் தெரிந்தவர்க்கு இது எளிது.

நூறு பேர் வாழும் சிற்றூர் ஒன்றைக் கொள்வோம். ஒவ்வொருவரிடத்தும் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு படிகள் உண்டு; தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஆக ஊரில் 200 படிகள். இவற்றை ஒரு பையில் இட்ட 200 புளியங்கொட்டைகள் எனக் கொள்க. 180 கறுப்பு, 20 தேய்த்து வெளுப்பாக்கியவை. ஒரே மரபணுவின் இத்தகைய மாற்று வடிவங்களையே அல்லீல்கள் என்கிறோம். வெள்ளைக் கொட்டையின் பங்கு பத்தில் ஒன்று. இப்பங்கே அல்லீல் நிகழ்வெண். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பையிலிருந்து இரு கொட்டைகள் எடுப்பது போன்றது.

வெள்ளை, ஒடுங்கு பண்பாயின், இரண்டும் வெள்ளையாக அமைந்தால்தான் வெளியில் தெரியும். பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்க, நூற்றில் ஒருவரிடம் மட்டுமே அது வெளிப்படும். பதினெட்டுப் பேர் ஒரு வெள்ளையைத் தம்முள் சுமந்துகொண்டு, தாம் சுமப்பதையே அறியாமல் நடமாடுவர். எஞ்சிய 81 பேரிடம் அது இல்லை.

கலந்து மணம் புரிந்துகொள்வதால் மட்டும் இந்தப் பங்கு தலைமுறைதோறும் மாறுவதில்லை என்பதை 1908இல் இருவர் தனித்தனியே காட்டினர். ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் வீன்பெர்க்; மற்றவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி. பக்கத்து நாமக்கல்லின் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வழிபட்ட நம் இராமானுஜனை 1914இல் இங்கிலாந்துக்கு வரவழைத்த அதே ஹார்டிதான்.

அப்படியாயின் பங்கு எதனால் மாறும்? கறுப்பு ஒன்று தானே வெள்ளையாக மாறலாம். அது திடீர் மாற்றம். வெளியூரார் வந்து கலக்கலாம். பையிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துப் புதிய ஊர் அமைத்தால், அக்கைப்பிடியில் வெள்ளை தற்செயலாகக் கூடியோ குறைந்தோ வரலாம். இவையன்றி, வெள்ளையை உடையவர் மிகுதியாகப் பிழைத்துப் பிள்ளை பெறலாம், அல்லது குறைவாகப் பெறலாம். அதுவே டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு. இயற்கைத் தேர்வு உண்டு என்று பலர் கூறினர். அது எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்று கேட்டவர் ஹால்டேன். 1924 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் வரிசையாக வெளியிட்ட கட்டுரைகளில் அவர் இக்கேள்விக்குக் கணிதத்தால் விடை கண்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஃபிஷரும் அமெரிக்காவில் சிவால் ரைட்டும் இத்துறையில் உழைத்தனர். இம்மூவரையும் மக்கள்தொகை மரபியலின் மூலவர்கள் என்றால் அது மிகையன்று.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட சான்று ஓர் அந்துப்பூச்சி. மான்செஸ்டர் நகரில் 1848இல் அப்பூச்சியின் கறுப்பு வகை முதன்முதலாகப் பிடிபட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே ஏறத்தாழ எல்லாப் பூச்சிகளும் கறுப்பாகிவிட்டன. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்திருந்தன. இவ்வளவு விரைவான மாற்றம் நிகழ வேண்டுமாயின், கறுப்புப் பூச்சி மற்றதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வழித்தோன்றல்களை விட்டிருக்க வேண்டும் என அவர் கணக்கிட்டார். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்திற்குப் பின் புகை குறையக் குறைய, கறுப்பு வகையும் அருகிப்போனது. ஒரே நிறம் ஒரு காலத்தில் வரமாகவும் மறு காலத்தில் சாபமாகவும் ஆயிற்று.

இரத்தம் உறையாமை நோயின் மரபணு, ஒரு தலைமுறையில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒன்று என்னும் அளவில் திடீர் மாற்றத்தால் புதிதாகத் தோன்றுகிறது என்று 1935இல் மதிப்பிட்டவரும் அவரே. மனித மரபணு ஒன்றின் மாற்ற வேகத்தை அளந்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

இக்கணக்குகள் ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. மரபு நோய் உடையவர்களைப் பிள்ளை பெறாமல் தடுத்துவிட்டால் இனம் தூய்மையாகிவிடும் என்ற பேச்சு அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1933இல் ஜெர்மனியில் நாசிகள் அதைச் சட்டமாகவே செய்தனர். ஹால்டேன் 1938இல் இதனை எதிர்த்து நூல் எழுதினார். காரணம் நம் புளியங்கொட்டையிலேயே உள்ளது. நூற்றில் ஒன்றாக உள்ள ஒடுங்கு அல்லீல் பத்தாயிரத்தில் ஒருவரிடமே நோயாக வெளிப்படும். ஆனால் ஏறத்தாழ இருநூறு பேர் நலமாக இருந்துகொண்டே அதைச் சுமப்பர். நோயுற்றோர் அனைவரையும் தடுத்தாலும், அதன் பங்கு பாதியாகக் குறைய நூறு தலைமுறை, அதாவது ஏறத்தாழ 2500 ஆண்டுகள் ஆகும். கொடுமை உடனே நிகழும். பயனோ கண்ணுக்கு எட்டாது.

நோயே காவலாதல்

1949இல் அவர் மற்றொரு கருத்தை வெளியிட்டார். தலசீமியா என்னும் இரத்தசோகை நோய் மத்தியதரைக் கடல் நாடுகளில் ஏன் இவ்வளவு மிகுந்துள்ளது? இரு படிகளைப் பெற்ற குழந்தை இறக்கிறது. ஆகவே அந்த அல்லீல் தேய்ந்து மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. ஒரு படி மட்டும் உடையவர் மலேரியாவைத் தாங்கிப் பிழைக்கின்றனர் போலும் என்று அவர் ஊகித்தார். 1954இல் ஆலிசன் என்னும் மருத்துவர், இதனை ஒத்த அரிவாள் செல் சோகையில் இக்கருத்துக்கு ஆப்பிரிக்காவில் சான்று கண்டார்.

இது தொலைதூரச் செய்தியன்று. 1952இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் பண்பைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அது பற்றிய தொடக்கக்காலக் கண்டுபிடிப்பு அதுவே. 2023இல் இந்நோயை ஒழிக்க மைய அரசு தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. கொசு மிகுந்த காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்களைக் காத்த அல்லீல், மலேரியாவுக்கு மருந்து கிடைக்கும் காலத்தில் சுமையாக நிற்கிறது. நல்ல அல்லீல், கெட்ட அல்லீல் என்று இடமும் காலமும் பாராமல் பெயரிட முடியாது என்பதை அறிய இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

மாசு ஒன்று

பெரியோரின் வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதுவது நம் வழக்கம். ஹால்டேனுக்கு அது பொருந்தாது. தம் உடம்பையே ஆய்வுக்களமாக்கிய துணிவு அவரிடம் இருந்தது. 1939இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அடைபட்ட காற்றும் அழுத்தமும் உடலை என்ன செய்யும் என்று அறிய இரும்புக் கூண்டுக்குள் தம்மை அடைத்துக்கொண்டார். ஆனால் பொதுவுடைமைக் கட்சியில் அவர் ஈடுபட்டிருந்த ஆண்டுகளில், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மெண்டல் மரபியலையே பொய்யென்று கூறி, அதனைக் கற்பித்தவர்களைத் துன்புறுத்தினார். ஹால்டேன் நன்கு அறிந்த பெரும் பயிரியல் அறிஞர் வாவிலோவ் 1943இல் சிறையிலேயே மாண்டார். ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். 1950ஐ ஒட்டியே கட்சியை விட்டு விலகினார். எண்களைத் தவிர வேறெதற்கும் பணியாதவர், தாம் சார்ந்த அணி என்று வந்தபோது எண்களை எடுத்துரைக்கவில்லை. அவர் ஆய்வின் பெருமை இதனால் குறைந்துவிடாது. ஆயினும் இதனை மறைப்பதும் முறையன்று.

இந்தியாவில் ஹால்டேன்

1957இல், இங்கிலாந்து சூயசில் படையெடுத்ததைக் கண்டித்து நாட்டைத் துறப்பதாக அறிவித்து, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்தார். அவ்வம்மையாரும் மரபியல் அறிஞரே. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கதர்க் குர்த்தா அணிந்தார், புலால் துறந்தார், பின்னர் இந்தியக் குடிமகனாகவும் ஆனார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இளைஞர்களுக்கு அவர் கூறிய அறிவுரை, கண்முன் உள்ளதை எண்ணுக என்பதே. சுபோத் குமார் ராய் பவழமல்லி மலர்களின் இதழ்களை எண்ணினார். ஒரே மரத்துப் பூக்களிலும் எண்ணிக்கை மாறுவதைக் குறித்தார். டி. ஏ. டேவிஸ் தென்னையின் ஓலைகள் வலஞ்சுழியாக அமைகின்றனவா, இடஞ்சுழியாக அமைகின்றனவா என்று மரம் மரமாகப் பார்த்தார். அச்சுழி தாய்மரத்திலிருந்து பிள்ளைக்கு மரபாக வருவதில்லை என்று கண்டார். கிருஷ்ண துரோணம்ராஜு உண்ணிச்செடியின் பூக்களில் எந்த நிறத்தை எந்த வண்ணத்துப்பூச்சி நாடுகிறது என்று எண்ணினார். செலவு, ஒரு குறிப்பேடும் பென்சிலும்.

தென்னிந்தியாவின் உறவுமுறைத் திருமணங்கள் மரபியலுக்குப் பெரும் புதையல் என்பதை ஹால்டேன் உணர்ந்தார். அத்தை மகன், மாமன் மகள் மட்டுமன்று. அக்காள் மகளையே தாய்மாமன் மணக்கும் வழக்கம் உலகில் அரிது. அவர் தூண்டுதலால் துரோணம்ராஜு, மீராகான் ஆகியோர் ஆந்திரத்தில் இத்திருமணங்களை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டனர்.

ஏன் எனக்கு அந்த இரண்டொரு வரிகள் போதவில்லை என்பதை இங்கே கூற வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா, அப்பாவின் அக்காள் மகள். சித்தியும் அவ்வாறே தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவர். நானும் உடன்பிறந்தோரும் நலமாக இருக்கிறோம். சித்தியின் இரண்டாம் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேளாது. மரபு வழி வந்த ஒடுங்கு குறை என்று மருத்துவர் கூறினார். ஊரார் வேறு கூறினர். கருவுற்றிருந்தபோது சித்தி என்ன தின்றார், எந்தக் கிரகணத்தில் வெளியே வந்தார், எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டதை மறந்தார் என்றெல்லாம் பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சித்தப்பாவை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது? ஒடுங்கு அல்லீலின் பங்கு நூற்றில் ஒன்று எனக் கொள்வோம். உறவில்லாதார் மணந்தால், பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கே அக்குறை வரும். அத்தை, மாமன் மக்கள் மணந்தால் ஏறத்தாழ ஏழு. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் ஏறத்தாழப் பதின்மூன்று. பதின்மூன்று மடங்கு என்பது சிறிதன்று. ஆயினும் எஞ்சிய 9987 குழந்தைகளுக்கு அக்குறை இல்லை என்பதும் அதே கணக்குத்தான். யாவற்றுக்கும் மேலாக, குறையுள்ள குழந்தையிடம் உள்ள இரு படிகளில் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. இருவரும் அறியாமல் சுமந்தவை. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து வந்திருக்கக் கூடியவை. இதனை ஒரு தாளில் எழுதிச் சித்திக்கு விளக்கினேன். அம்மாயியும் அருகிலிருந்து கேட்டார். வீட்டில் இக்கணக்கை நான் போட்டுக் காட்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கும் முறை மாமன் இருக்கிறார் என்பதோடு அதனை நிறுத்திக்கொள்கிறேன்.

அறிவியல் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் கூறுதல் நேர்மை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவ், இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் நடத்திய பெரும் ஆய்வில், ஊர்ப்புறத் திருமணங்களில் ஏறத்தாழப் பாதி உறவுக்குள் நடந்தவை எனக் கண்டனர். கருச்சிதைவு, குழந்தை இறப்பு ஆகியவற்றில் உறவுத் திருமணத்தால் பெரிய வேறுபாடு அவர்களுக்குத் தென்படவில்லை. பல நூற்றாண்டுகளாக இவ்வழக்கம் நிலவியதால், கொடிய ஒடுங்கு அல்லீல்கள் முன்னரே வெளிப்பட்டுக் கழிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் பிறவிச் செவிடு முதலிய குறைகள் இக்குடும்பங்களில் மிகுதி என்பதைப் பிற ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே உறவில் மணந்தோரைப் பழிப்பதும் அறிவன்று. இடர் எதுவும் இல்லை என்று சாதிப்பதும் அறிவன்று. குடும்பத்தில் முன்னரே அத்தகைய குறை தோன்றியிருப்பின், எண்ணிப் பார்த்து, மரபியல் அறிந்த மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

இறுதி நாட்கள்

கருத்து வேறுபாட்டால் 1961இல் கல்கத்தா நிறுவனத்தை விட்டு விலகிய ஹால்டேன், 1962இல் அன்றைய ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார். அங்கே மாணவர் ஜயகருடன் சேர்ந்து, தேர்வின் திசை தலைமுறைதோறும் மாறிக்கொண்டிருந்தால் இரு அல்லீல்களும் அழியாமல் நிலைபெறக்கூடும் என்பதை 1963இல் கணிதத்தால் காட்டினார். விரைவிலேயே புற்றுநோய் அவரைப் பற்றியது. மருத்துவமனையில் இருந்தபடியே, அந்நோயை நகையாடி ஒரு கவிதை எழுதினார். அஞ்சி ஒளியாமல் நேரத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள் என்பதே அதன் கருத்து. 1964 டிசம்பர் 1ஆம் நாள் காலமானார். தம் உடலைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்கு எழுதிவைத்திருந்தார். சிறுவயதில் சுரங்கத்தில் தொடங்கிய உடற்சோதனை அவ்வாறு நிறைவுற்றது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பெரிய ஆய்வுக்கூடம் இல்லையே என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். கொல்லிமலை ஏறும் வழியில் உண்ணிச்செடி பூத்துக் கிடக்கிறது. பரமத்தி வேலூர்ப் பக்கம் தென்னைகள் வலமும் இடமுமாகச் சுழன்று நிற்கின்றன. சேந்தமங்கலத்துத் தெருக்களில் பவழமல்லி விடியற்காலையில் உதிர்கிறது. நம் பாட்டிமாரைக் கேட்டால் நான்கு தலைமுறைக் கொடிவழியைத் தவறின்றிச் சொல்வார்கள். அதைவிடச் சிறந்த மரபியல் ஏடு எந்த நூலகத்திலும் கிடையாது. எங்கள் வகுப்பில் நால்வர் இவ்வாண்டு பவழமல்லி இதழ்களை எண்ணத் தொடங்கியுள்ளோம். கணக்கு முடிந்ததும் அடுத்த மலரில் எழுதுவோம். சேர விரும்புவோர் ஒரு குறிப்பேட்டுடன் விலங்கியல் துறைக்கு வருக.